போத்துக்குட்டி வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

எருமைக் கன்றை இறைச்சிக்கு வளர்த்து விற்பது பற்றி இந்தப் பக்கத்தில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முக்கால்வாசி விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து வந்தவை. மலையாளக் கரையில் வீட்டுக்கு வீடு போத்து, அதாவது எருமைக்கடா, வளர்க்கிற பேச்சு களியக்காவிளை தாண்டி நம் பக்கமும் வந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. இந்தக் குமரி மாவட்டத்துக் கால்நடை மருந்தகங்களில் முப்பது வருடம் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா ஏலா வயலில் எருமைக்கடா பூட்டி உழுதவர். இப்போது அருமனைக்குப் பக்கத்தில் என் மாட்டுத் தொழுத்தில் நான்கு போத்துகள் நிற்கின்றன. என் கண் முன்னால் நடந்ததையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

கேள்வி: வளைகுடாவிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். வீடும் கிணறும் சேர்த்து 40 சென்டு இடம் இருக்கிறது. பத்து முர்ரா போத்துக்குட்டி இறக்கித் தருகிறேன், ஒரே வருடத்தில் போட்ட பணம் இரட்டிப்பாகும் என்று ஒரு வியாபாரி சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கருங்கல்

பத்து வேண்டாம் தம்பி. மூன்று வாங்குங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

250 கிலோ எடையுள்ள ஒரு போத்துக்கு ஒரு நாளைக்கு 20 கிலோ பச்சைப்புல், 2 கிலோ வைக்கோல், ஒன்றரை முதல் 2 கிலோ அடர்தீவனம் வேண்டும். பத்துக்கு 200 கிலோ புல். வருடத்துக்கு 73 டன். கோ-5 கம்பு நேப்பியர் புல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற விளைச்சல் எக்டேருக்கு வருடம் 360 டன். அது நல்ல தண்ணீரும் உரமும் கொடுத்தால் வருவது. அந்த முழு விளைச்சலும் உங்களுக்குக் கிடைத்தாலும் 40 சென்டில் 58 டன்தான். வீட்டை இடித்துப் போட்டுப் புல் நட்டாலும் பத்துக்குப் போதாது! மீதிக்கு வைக்கோலும் பிண்ணாக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். வைக்கோல் நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? நாஞ்சில் நாட்டு வயலிலேயே வாழையும் தென்னையும் ஏறிவிட்டன. வெளியூர் லாரிதான் வர வேண்டும். புல் இல்லாமல் போத்து இறக்கியவர்கள் நான்காம் மாதமே பாதி விலைக்குத் தள்ளிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் புல்லை நடுங்கள். நட்டு 75 நாள் கழித்து முதல் அறுப்பு. அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். முதல் அறுப்புக்குப் புல் தயாரான பிறகு குட்டி வாங்கப் போனால் போதும்.

அடுத்து, வாங்குகிற குட்டி. கறுப்பாக இருப்பதெல்லாம் முர்ரா இல்லை. முர்ராவின் ஊர் ஹரியானா. ரோத்தக், ஹிசார், ஜிந்த் பக்கம். கொம்பு நெருக்கமாகச் சுருண்டு காதுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும். குட்டியில் கொம்பு முளை மட்டுமே இருக்கும் என்பதால்தான் ஏமாற்றுவது எளிதாகிறது. எனக்கென்னவோ இனத்தை விடக் குட்டியின் வயிற்றைப் பார்ப்பது முக்கியம் என்று தோன்றுகிறது. 60, 70 கிலோவில் வயிறு மட்டும் பானை மாதிரி தொங்கி, முதுகெலும்பு எண்ணும்படி இருக்கிற குட்டி மலிவாகக் கிடைக்கும். அது சின்னக் குட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பால் கிடைக்காமல் குறுகிப்போன பழைய குட்டி அது. பல்லைப் பாருங்கள், வயது தெரிந்துவிடும். 100 முதல் 130 கிலோவுக்குள், தோல் பளபளப்பாக, மூக்கு ஈரமாக, கண்ணில் பீளை இல்லாமல் இருக்கிற குட்டி இரண்டாயிரம் ரூபாய் கூடுதலானாலும் அதையே எடுங்கள்.

எடையை வியாபாரி சொல்லி நம்ப வேண்டாம். தையற்காரர் டேப் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனை வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் சுமார் 272 கிலோ. பத்துப் பதினைந்து கிலோ முன்பின் இருக்கலாம். கண்மதிப்பில் ஐம்பது கிலோ ஏமாறுவதற்கு அது எவ்வளவோ மேல்.

லாரியில் இரண்டு மூன்று நாள் நின்று வருகிற குட்டி, வந்த அன்றே பிண்ணாக்கு கண்டால் வாரித் தின்னும். கொடுக்கக் கூடாது. முதல் நாள் வெல்லமும் உப்பும் கரைத்த தண்ணீர், கொஞ்சம் வைக்கோல், நிழல். அவ்வளவுதான். பழைய மாடுகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். இருமல், காய்ச்சல், வாய்ப்புண் எது வந்தாலும் அந்த நாட்களில் தெரிந்துவிடும். பிறகு குடல்புழு மருந்து, கோமாரித் தடுப்பூசி. தொண்டை அடைப்பான் ஊசியை மட்டும் மறக்கவே கூடாது. அந்த நோய் பசுவை விட எருமையைத்தான் அதிகம் அடிக்கும். காலையில் தொண்டை வீங்கி எச்சில் ஒழுக நின்ற போத்து மறுநாள் இருக்காது. நமக்கு ஜூன் மாதம் மழை தொடங்கிவிடும் என்பதால் ஏப்ரல், மே மாதத்திலேயே ஊசி போட்டுவிட வேண்டும்.

லாபம் கேட்டீர்கள். நன்றாகக் கவனித்தால் ஒரு போத்து நாளுக்கு 500 முதல் 700 கிராம் வரை ஏறும். வருடத்தில் 200 கிலோ சொச்சம். அறுத்தால் தலை, தோல், குடல் போக உயிர் எடையில் ஏறக்குறைய பாதி நிற்கும். அந்தப் பாதியிலும் எலும்பு உண்டு. வாங்குகிறவன் இதை வைத்துத்தான் விலை சொல்வான். நீங்களும் இதை வைத்தே பேசுங்கள். ஒரு வருடத்தில் இரட்டிப்பு என்று சொல்கிற வியாபாரி தீவனச் செலவைக் கணக்கில் சேர்த்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்புப் பசு காளைக்கன்று போட்டிருக்கிறது. "பாலை அதற்கு விட்டால் நமக்கு என்ன மிச்சம், பத்து நாளில் தானாகப் போய்விடும், விடு" என்கிறார் மாமியார். எனக்கு மனது கேட்கவில்லை. வளர்த்து விற்க முடியுமா?
– ஒரு வாசகி, முளகுமூடு

முடியும், தங்கச்சி. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "தானாகப் போய்விடும்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று வேலை பார்த்த காலம் முழுக்கத் தொழுத்துத் தொழுத்தாகப் போய்ப் பார்த்தவன் நான். தானாக எந்தக் கன்றும் போவதில்லை. பட்டினி போட்டால் போகிறது. பால் சுரக்க அரை நிமிடம் மடியில் விட்டு, இழுத்துக் கட்டி, பிறகு வெறும் தண்ணீர். ஏழாம் நாள் கழிச்சல். பத்தாம் நாள் எழுந்திருக்காது. அதன் தோலுக்குள் வைக்கோல் அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்திக் கறந்த வீடுகளும் எனக்குத் தெரியும். நான் இறைச்சி சாப்பிடுகிறவன். இறைச்சிக்கு மாடு வளர்ப்பதில் எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை. ஆனால் பிறந்த கன்றைப் பத்து நாள் பட்டினி போட்டுக் கொல்வதை மட்டும் என்னால் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். கணக்குச் சொல்லுங்கள். 25 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர் பால் போதும். முதல் மூன்று நாள் சீம்பால். பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். நோயைத் தாங்குகிற சக்தி கன்றுக்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது. தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போது அது கிடைப்பதில்லை. சீம்பாலை எப்படியும் சொசைட்டியில் எடுக்க மாட்டார்கள், அதில் நஷ்டப்பேச்சுக்கே இடமில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து வாயருகே ஒரு பிடி கன்றுத்தீவனமும் இளம்புல்லும் வையுங்கள். முதலில் முகர்ந்து பார்க்கும், பிறகு நக்கும், ஒரு மாதத்தில் அசைபோடத் தொடங்கிவிடும். அசைபோட ஆரம்பித்ததும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு இரண்டரை மாதத்தில் நிறுத்திவிடலாம். நீங்கள் உண்மையில் செலவழிப்பது அந்த இரண்டு மாதப் பாலைத்தான். அதற்குப் பிறகு அது புல்லில் வளரும்.

ஜெர்சி கலப்புக் காளை போத்து மாதிரி சதை போடாது. எலும்பு மெலிந்த இனம். அதனால் போத்து விலையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கையில் காசு போடாமல் கிடைத்த கன்று அது. ஒன்றரை வருடம் கழித்து விற்கும்போது உங்கள் பெயரில் தனியாக ஒரு தொகை வரும். அதை மாமியாரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை சினை ஊசி போடும்போது, ஆண், பெண் பிரித்த உறைவிந்து கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். பத்துக்கு ஒன்பது கிடாரியாகப் பிறக்கும். நம் மாநிலத்தில் ஊட்டியிலேயே தயாரிக்கிறார்கள். இந்தப் பிரச்சினைக்கு நான் பார்த்ததில் நல்ல தீர்வு அதுதான்.

கேள்வி: 20 நாள் எருமைக்கன்று. பால் குடிக்கிறது, ஆனால் மெலிகிறது. வயிறு உப்பல், சாணி வெள்ளைக் களிமண் மாதிரி, நாற்றம். பேதி மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை.
– ஒரு வாசகர், பளுகல்

குடல்புழு. நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மருந்தகத்துக்குப் போங்கள். கன்றின் வாயை முகர்ந்து பாருங்கள், புளித்த வெண்ணெய் வாடை அடிக்கும். இந்த உருண்டைப்புழு எருமைக்கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே வருகிறது. புல் தொடாத கன்றுக்கு எப்படிப் புழு என்று பலர் நம்ப மாட்டார்கள். பேதி மாத்திரை புழுவை ஒன்றும் செய்யாது. பிறந்து 10 நாளுக்கு மேல் 14 நாளுக்குள் பைப்பரசின் மருந்தை எடைக்குத் தக்கபடி கொடுத்துவிட்டு, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுத்து வந்தால் இது வராது. போத்துக்குட்டி சாவில் பெரும்பங்கு இந்தப் புழுதான் என்பது என் அனுபவம். மருந்தின் விலையோ ஒரு சாயாவும் வடையும் சாப்பிடுகிற காசு.

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாட்டை அவிழ்த்து விடுகிறோம். பக்கத்து விளையில் மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கிய இடத்திலும் மேய்கிறது. ரப்பர் இலை விஷம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– ஒரு வாசகர், பேச்சிப்பாறை

உண்மை. மரச்சீனி இலை, அதன் தொலி, ரப்பரின் இளம் இலை, இந்த மூன்றிலும் ஒரே நஞ்சு இருக்கிறது. மென்று நசுங்கியதும் சயனைடாக மாறும். காய்ந்து சருகாகக் கீழே உதிர்ந்த ரப்பர் இலையில் ஆபத்து குறைவு. மாசி மாதம் துளிர்க்கிற செம்பு நிறத் தளிரும், காற்றில் ஒடிந்து விழுகிற பச்சைக் கிளையும்தான் கொல்லும்.

இதை நான் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. என் எருமைக் கிடாரி ஒன்று இப்படித்தான் போனது. அதன் கயிறு நைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு வியாழக்கிழமை மதியம் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து விளைக்குப் போய்விட்டது. அங்கே மரச்சீனி பிடுங்கித் தழையை எல்லாம் குவித்துப் போட்டிருந்தார்கள். பசி மிருகம், வெறும் வயிறு. வயிறு நிறையத் தின்றிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்து சொல்லி நான் போவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கால் பின்னியது. வாயைத் திறந்து பார்த்தேன், ஈறு செக்கச் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போதே விழுந்து கால் உதைத்தது. இருபது நிமிடம். ஊருக்கெல்லாம் மருந்து சொன்னவனின் தொழுத்தில் இது நடந்தது. இன்றும் நைந்த கயிறு எந்த வீட்டில் கண்டாலும் மாற்றச் சொல்லாமல் நான் வருவதில்லை.

இதற்கு மருந்து உண்டு. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ரத்தக்குழாயில் டாக்டர் ஏற்ற வேண்டும். தயோசல்பேட் என்பது முன்பு போட்டோ ஸ்டூடியோவில் பிலிம் கழுவிய அதே ஹைப்போதான். உடனே ஏற்றினால் செத்துக்கொண்டிருக்கிற மாடு கண் முன்னால் எழுந்து நிற்கும், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மலையோரத்துக்கு டாக்டர் வர ஆகிற நேரத்தை மாடு தராது. 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். விஷத்தில் மட்டும் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்காமல், பக்கத்தில் இருக்கிற டாக்டரையும் தேடுங்கள். மூச்சு இரைக்கிற மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

மரச்சீனித் தொலியும் இலையும் நல்ல தீவனம்தான், நம் மாவட்டத்தில் சும்மா கிடைப்பது. நன்றாக வெயிலில் மூன்று நாள் பரப்பி, நொறுங்குகிற பதத்துக்குக் காய்ந்த பிறகு கொடுங்கள். அரைகுறையாக வாடியது போதாது. முதலில் ஒரு பிடி, பிறகு மெல்லக் கூட்டுங்கள். வெறும் வயிற்றில் மட்டும் ஒருபோதும் வேண்டாம். தோட்டத்தில் அவிழ்ப்பதற்கு முன் ஒரு கட்டுப் புல்லாவது போட்டு அனுப்புங்கள். பெருங்காற்று அடித்த மறுநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றி வந்து ஒடிந்த கிளையைப் பொறுக்கிய பிறகே அவிழ்க்க வேண்டும்.

கேள்வி: கல்யாண வீட்டில் மீந்த சோறு, பலாப்பழச் சீசனில் சக்கை. இதெல்லாம் கொடுத்தால் போத்து சீக்கிரம் கொழுக்குமா?
– ஒரு வாசகர், மேல்புறம்

சீக்கிரம் சாகும். சோறும் பழச்சக்கையும் மாட்டின் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நின்று, தண்ணீராகப் புளித்த நாற்றத்தோடு கழியும், கண் குழிந்து படுத்துவிடும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மருந்தகத்துக்கு வருகிற மாடுகளில் பாதிக்கு இந்தக் கதைதான். ஒரு கையளவு சோறு, நான்கு சுளை, பரவாயில்லை. அண்டாவோடு வைக்காதீர்கள். தெரியாமல் தின்றுவிட்டால், மாடு நின்றுகொண்டிருக்கும்போதே 100 கிராம் ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பலாக்கொட்டையும் முழு மாங்கொட்டையும் தொண்டையில் அடைக்கும், அதனால் வெட்டாமல் போட வேண்டாம்.

கேள்வி: எடை ஏற ஒரு பொடி விற்கிறார்கள். யூரியாவும் கலந்து கொடுக்கலாம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், குழித்துறை

பெயர் அச்சடிக்காத பொடியை வாங்காதீர்கள். தாது உப்புக் கலவை நாளுக்கு 30 முதல் 50 கிராம் போதும்.

யூரியாவைத் தீவனத்தில் தூவுவது விஷம். வைக்கோலைப் பதப்படுத்தத்தான் அது பயன்படும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். எடுத்ததும் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, நெடி போன பிறகு போடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுக்கு வேண்டாம். கரைத்த தண்ணீர் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

கேள்வி: போத்தை தினமும் குளிப்பாட்டத்தான் வேண்டுமா? கிணற்றில் தண்ணீர் குறைவு.
– ஒரு வாசகி, தோவாளை

வேண்டும். எருமைக்குப் பசுவைப் போல வேர்க்காது. வேர்வைச் சுரப்பி மிகக் குறைவு, தோலோ கறுப்பு. உங்கள் பக்கத்துக் கோடையில் மதியம் இரண்டு குடம் முதுகில் ஊற்றினாலே போதும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குகிற போத்து அன்று தின்னாது, தின்னாத நாளில் எடை ஏறாது. ஈரச்சாக்கு போர்த்தினாலும் நல்லது. குளத்து வசதி இருந்தால் அதை விடச் சிறந்தது எதுவும் இல்லை.

கேள்வி: வளர்க்கலாம் என்கிறீர்கள். சட்டப்படி அறுக்கலாமா? வண்டியில் கொண்டுபோனால் பிடிப்பார்களா?
– ஒரு வாசகர், நித்திரவிளை

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும் எல்லோரும். நேராகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. காளை, எருது, பசு, கன்று, எல்லா வயது எருமையும் அதில் அடக்கம். அறுப்பதற்கு முன் உரிய அதிகாரியின் சான்று வேண்டும். பத்து வயதுக்கு மேலாகி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாதது, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்றால்தான் அந்தச் சான்று கிடைக்கும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். பசுவையும் கிடாரியையும் இறைச்சிக்கூடங்களில் அறுக்கக் கூடாது என்று 1976ல் அரசாணையும் வந்தது. எனவே, இரண்டு வயதுப் போத்தைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பின்னால் அறுத்துப் பங்கு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வளர்ப்பதற்கும் உயிரோடு விற்பதற்கும் தடை இல்லை. 2017 மே மாதம், சந்தையில் அறுப்புக்காக மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதமே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது. அந்தச் சில வாரங்களில் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகவே நம் ஆட்கள் பயந்து கிடந்தார்கள்.

வண்டிக்கு 1978ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதி உண்டு. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று வேண்டும். கூட ஓர் ஆள், முதலுதவிப் பொருள், தண்ணீர், தீவனம் இருக்க வேண்டும். விற்ற சீட்டில் மாட்டின் அடையாளம், காதுத்தோட்டின் எண், வாங்கியவர் பெயர், நாள் எல்லாம் எழுதி ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் அங்குள்ள விதி தனி. வாங்குகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு விற்றால் உங்களுக்கு நல்லது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 1958ல் என் அப்பாவைப் போன்றவர்களுக்கு உழவு மாடுதான் டிராக்டர். அதைக் காப்பாற்ற ஒரு சட்டம் தேவைப்பட்டது. இன்று எந்த ஏலாவிலும் எருமைக்கடா இறங்குவதில்லை. தமிழ்நாட்டின் மொத்த எருமையே 2012 கணக்கில் 7.8 லட்சமாக இருந்தது, 2019ல் 5.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆண்கன்றுக்கு முறையான விலை இருந்தால் அதைப் பட்டினி போட மாட்டார்கள், எருமை வைத்திருப்பதும் கட்டுபடியாகும். முறையான விலை கிடைக்கச் சட்டப்படியான வழி திறந்திருக்க வேண்டும். எருமைக்கு மட்டுமாவது இந்த வயது வரம்பை அரசு திரும்ப யோசிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது மாறும் வரை இருக்கிற சட்டத்துக்குள் நிற்போம்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்கள் ஆடு வளர்க்கலாம். நம் மழைக்குத் தலச்சேரி ஆடு தாங்கும், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பலகைக் கூடு மட்டும் அவசியம்.

கேள்வி: பத்து வயது மகன் எங்கள் போத்துக்குப் பெயர் வைத்துவிட்டான். ஓணத்துக்கு விற்கலாம் என்று பேசியதைக் கேட்டு மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நாங்கள் செய்வது பாவமா?
– ஒரு வாசகி, திங்கள்சந்தை

பாவ புண்ணியம் எனக்குச் சொல்லத் தெரியாது, அக்கா. நான் செய்த ஒரு தவற்றை வேண்டுமானால் சொல்கிறேன்.

என் மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது இப்படி ஒரு போத்து இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாழைத்தோலை அதற்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து விற்றுவிட்டு, "மலைக்கு மேயப் போயிருக்கிறது மோளே" என்றேன். இரண்டு வாரம் கழித்து வகுப்பில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. மூன்று மாதம் தொழுத்துப் பக்கம் வரவில்லை, என்னிடம் வாழைத்தோலும் தரவில்லை. போத்து போனதற்காக அல்ல, நான் பொய் சொன்னதற்காக. இப்போது அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. இன்றும் ஏதாவது நம்ப முடியாததை நான் சொன்னால் "மலைக்குப் போயிருக்கா அப்பா?" என்று கேட்பாள்.

அதனால் மகனிடம் இன்றே உட்கார்ந்து பேசுங்கள். இது இறைச்சிக்கு வளர்க்கிற மாடு, இதை விற்றுத்தான் உன் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம், அது இருக்கிறவரை அதற்கு எந்தக் குறையும் வைக்க மாட்டோம் என்று அப்படியே சொல்லுங்கள். அவன் கோபப்பட்டால் படட்டும். பிள்ளைகளுக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள். அடுத்த குட்டி வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய், முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். இந்தப் போத்தை விற்கவே வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தால் அதுவும் சரிதான். ஆனால் அதன் தீவனச் செலவு பத்துப் பதினைந்து வருடத்துக்கு வரும் என்பதையும் அவனோடு சேர்ந்தே கணக்குப் போடுங்கள்.

விற்பதாக இருந்தால், வண்டி வருகிற நாளில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள். பகல் வெயிலில் ஏற்றாதீர்கள், சாயந்தரம் ஏற்றுங்கள். முந்தின இரவு வயிறு நிறையப் புல்லும், ஏற்றுவதற்கு முன் தண்ணீரும் கொடுங்கள். அதற்குப் பழக்கமான ஆள் கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்க வேண்டும். வாலை முறுக்கவோ கண்ணில் மிளகாய் தேய்க்கவோ விடாதீர்கள். அப்படிச் செய்கிற வியாபாரிக்கு ரூபாய் கூடக் கொடுத்தாலும் விற்காதீர்கள். வண்டித் தளத்தில் வைக்கோலோ மணலோ பரப்பச் சொல்லுங்கள், வழுக்கி விழாது. சாய்வுப் பலகை இல்லாமல் வந்தால் வண்டியைப் பின்பக்கமாக ஒரு மண்மேட்டில் அணைத்து நிறுத்தச் சொல்லுங்கள். என் வீட்டுச் சரிவில் நாங்கள் அப்படித்தான் நிறுத்துகிறோம். போத்து தரையிலிருந்து தரைக்கு நடக்கிற மாதிரியே வண்டிக்குள் நடந்துவிடும்.